எந்த மீனோடு எந்த மீனைச் சேர்ப்பது?



செலண்டார் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றின் ஆசிரியர்கள் சார்பில் பேசுகிறோம். பெரிய கண்ணாடித் தொட்டியில் ஆப்பிரிக்க ஏரி மீன்களை வளர்க்க விரும்புகிறவர்கள் எந்த மீனோடு எந்த மீனைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பதே இன்றைய பேச்சு.

"பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பிழைக்கிற குடும்பத்துக்கு இந்த ஆடம்பரம் எதற்கு?" என்று தாய்மார்கள் சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் இரவுச் சந்தைக்குப் போனால் பிளாஸ்டிக் பையில் மீன் தொங்குகிறது. பிள்ளை கையை நீட்டுகிறது. நாமும் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். நான்கே நாளில் மீன் செத்து மிதக்கிறது. காசு போனது ஒரு பக்கம். பிள்ளையின் முகம் வாடுவது இன்னொரு பக்கம். எப்படியும் வாங்கத்தான் போகிறோம் என்றால், அறிந்து வாங்கலாம் அல்லவா?

அறியாமல் வாங்கியவர்கள் யார் என்று தேட வேண்டியதில்லை. நாங்களேதான்.

எங்கள் பள்ளியில் படித்து, வெளியூரில் நல்ல வேலையில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் 6 அடி நீளத் தொட்டி ஒன்றைப் பள்ளிக்குக் கொடுத்தார். அறிவியல் மூலையில் அதை வைத்தோம். ஆசிரியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டோம். பட்டணத்தில் மூன்று நான்கு கடைகள் ஏறி இறங்கி, கண்ணுக்கு எது அழகாகப் பட்டதோ அதை வாங்கினோம். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டது இரண்டு, நீலம் மூன்று, நெற்றி மேடிட்டது ஒன்று, ஓஸ்கார் இரண்டு, இன்னும் பெயர் தெரியாதவை சில. மொத்தம் 14 மீன்கள். பிள்ளைகள் தங்கள் பங்குக்கு லயத்துச் சாக்கடையில் கப்பி மீன்களைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். அன்று மாலைக்குள் கப்பி ஒன்றுகூட இல்லை. தொட்டியில் யாரும் பட்டினி கிடக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், தீபாவளிக்குக் கிடைத்த காசைச் சேர்த்து, 18 வெள்ளி கொடுத்து ஒரு மஞ்சள் மீன் வாங்கி வந்தான். தானே கையால் விட்டான். மறுநாள் காலை அது தொட்டியின் மூலையில், வால் துடுப்பு கந்தலாகிச் செத்துக் கிடந்தது. கோடு போட்ட மீன்களில் ஒன்று இராத்திரி முழுவதும் துரத்தியிருக்கிறது. அந்தப் பையன் அழவில்லை. "அந்த மீன் கெட்ட மீனா சார்?" என்று மட்டும் கேட்டான். எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒரு மாதம் கழிந்தபோது 14 மீன்களில் 3 மிஞ்சின.

அதன் பிறகுதான் புத்தகங்களைப் புரட்டினோம். மீன் வளர்ப்பதில் பழக்கம் உள்ளவர்களைக் கேட்டோம். செய்ய வேண்டியதை முதலில் செய்யாமல் கடைசியில் செய்தோம். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்கிறோம்.

சிக்லிட் என்பது ஒரு மீன் அல்ல. ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தில் ஒருவரை நீங்கள் நன்றாக அறிவீர்கள். குழம்பில்கூட அறிவீர்கள். திலாப்பியாதான் அது. திலாப்பியாவின் தாய்நாடு ஆப்பிரிக்கா. 1930ஆம் ஆண்டுகளின் பிற்பாதியில் ஜாவா தீவில் முஜாயர் என்னும் கிராமத்து மனிதர் அதை ஆற்று முகத்துவாரத்தில் கண்டெடுத்துக் குளத்தில் வளர்த்தார். இந்தோனேசியாவில் இன்றும் அம்மீனுக்கு அவர் பெயர்தான். ஜப்பான்காரர் காலத்தில் அது ஜாவாவிலிருந்து மலாயாவுக்கு வந்து சேர்ந்தது. அப்புறம் ஈயக்குட்டை, தோட்டத்துக் குட்டை, வாய்க்கால் என்று எங்கும் பரவிவிட்டது.

குட்டையில் தண்ணீர் தெளிவாக இருக்கும் நாளில் கவனித்திருப்பீர்கள். அடியில் தட்டுப் போல வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். ஆண் திலாப்பியா வாயால் மண்ணை அள்ளித் துப்பிப் பறித்தவை அவை. தன் குழிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆண் வந்தால் அது சும்மா விடாது. பெண்ணோ முட்டைகளை வாயில் எடுத்து வைத்துக் காக்கிறது. இந்த இரண்டு குணங்களையும், அதாவது இடத்துக்குச் சண்டையையும் குஞ்சின் மேல் பாசத்தையும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தொட்டியில் நடப்பவை பெரும்பாலும் இவற்றிலிருந்துதான் வருகின்றன.

இந்தக் குடும்பத்துக்கு நம் பூர்வீக நாட்டிலும் கிளை உண்டு. கேரளத்துக் காயல்களில் பிடிக்கும் கரிமீன் ஒரு சிக்லிட்தான். இலங்கையின் களப்புகளிலும் அது உண்டு. தென்னமெரிக்காவிலும் பல வகைகள் உள்ளன. நாங்கள் வாங்கிய ஓஸ்கார் அந்த ஊர்க்காரன். நம் நாட்டுக் கடைகளில் பேர் பெற்ற லுவோஹான் மீனும் மத்திய அமெரிக்கச் சிக்லிட்களைக் கலந்து 1990ஆம் ஆண்டுகளில் இங்கே உருவாக்கப்பட்டதே. இவை ஆப்பிரிக்க மீன்கள் அல்ல. தொட்டியில் கலக்க வேண்டாம்.

ஆப்பிரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் மூன்று பெரிய ஏரிகள் உண்டு: மலாவி, தங்கனீக்கா, விக்டோரியா. மலாவி ஏரியைப் பழைய பூகோளப் புத்தகங்களில் நியாசா என்று படித்திருப்பீர்கள். அதன் நீளம் சுமார் 580 கிலோமீட்டர். ஜொகூர் பாருவில் புறப்பட்டு ஈப்போவையும் தாண்டிப் போகிற தூரம் அது. தங்கனீக்காவின் ஆழமான இடம் ஏறக்குறைய 1,470 மீட்டர். நம் பக்கத்தில் நிற்கும் லேடாங் மலையின் உயரம் 1,276 மீட்டர். அந்த மலையைத் தூக்கி அந்த ஏரியில் வைத்தால் உச்சியும் மூழ்கிவிடும். இவை மூன்றிலும் நூற்றுக்கணக்கான சிக்லிட் வகைகள் உள்ளன. மலாவியில் உள்ளவற்றில் மிகப் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாதவை. கடைகளில் கடல் மீனைப் போல நீலமும் மஞ்சளுமாக மின்னுபவை பெரும்பாலும் மலாவி ஏரியின் வமிசம்தான்.

ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல, "இது எந்த ஏரி மீன்?" என்பதே. ஏன் தெரியுமா? தண்ணீர் காரணம்.

அந்த ஏரிகளின் நீர் கடினமானது, காரத்தன்மை உள்ளது. அமிலமும் காரமும் காட்டும் பி.எச். அளவில் 7 நடுநிலை. மலாவி நீர் ஏறக்குறைய 7.8 முதல் 8.6 வரை. தங்கனீக்கா இன்னும் கொஞ்சம் அதிகம். நம் ஆறுகளில் ஓடுவதும் மழையில் பிடிப்பதும் பொதுவாக மென்மையான நீர். கடையில் கிடைக்கும் சோதனை மருந்தை வாங்கி ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. குறைவாக இருந்தால் என்ன செய்வது? விலை உயர்ந்த மருந்து வேண்டாம். சிப்பி ஓடு, பவளக் கல் துண்டு, சுண்ணாம்புக் கல் ஆகியவற்றைக் கழுவித் தொட்டியின் அடியிலும் வடிகட்டியிலும் போட்டால் போதும். மெல்ல மெல்லக் கரைந்து நீரைச் சீராக்கும். அழகுக்காக மரக்கட்டை போடுகிறவர்கள் உண்டு. பல கட்டைகள் நீரை அமிலமாக்கும். இந்த மீன்களுக்குக் கல்லே சிறந்தது. ஒரே நாளில் நீரை மாற்றிவிட முயலாதீர்கள். குறைவான அளவைவிடத் திடீர் மாற்றமே மீனை அதிகம் வாட்டும்.

வெப்பத்தைப் பற்றி நமக்குக் கவலையில்லை. 24 முதல் 28 பாகை வரை அவற்றுக்கு ஏற்றது. நம் ஊர் அதைத் தாராளமாகவே கொடுக்கிறது. சூடாக்கும் கருவி விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். தகரக் கூரையின் கீழே, வெயில் விழும் இடத்தில் மட்டும் தொட்டியை வைக்கக் கூடாது. நீர் சூடேற ஏற அதில் பிராணவாயு குறையும்.

தொட்டியின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால், மேலே கொஞ்சம் விட்டு நிரப்பினாலும் 600 லிட்டருக்குக் குறையாது. கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் எடை ஏறக்குறைய 800 கிலோ. ஒரு கஞ்சில் காரைவிட அதிகம்! பலகைத் தரை உள்ள பழைய வீடுகளில் இதை வைக்கவே கூடாது. சிமெந்துத் தரையில், உறுதியான இரும்பு மேசையில் வைக்க வேண்டும். கற்களை மணலின் மேல் அடுக்கக் கூடாது; முதலில் அடித்தளத்தில் கல், பிறகு மணல். இந்த மீன்கள் குழி பறிப்பவை என்று சொன்னோமே. மணல் சரிந்தால் கல் உருண்டு கண்ணாடியில் மோதும்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். ஒரே ஏரியில் பிறந்துவிட்டால் மட்டும் மீன்கள் ஒத்துப் போகுமா? போகா. உணவு ஒத்துப் போக வேண்டும்.

மலாவி மீன்களில் ம்புனா என்று ஒரு கூட்டம். பாறைமீன் என்பது அதன் பொருள். கரையோரப் பாறைகளில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று வாழ்பவை. பசுவின் வயிற்றைப் போல இவற்றின் குடல் நீளமானது. தழை உணவுக்கு ஏற்றது. இன்னொரு கூட்டம் திறந்த நீரில் சுற்றித் திரிந்து சிறு மீன்களையும் புழுக்களையும் வேட்டையாடுவது. இவற்றுக்குப் பூனையின் வயிறு. இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் எந்த உணவைப் போடுவது? வேட்டை மீனுக்காக இரத்தப் புழுவும் மாட்டு இருதயமும் போட்டால் பாறைமீனும் அதைத் தின்னும். ஆசையாகவே தின்னும். சில நாளில் வயிறு உப்பும், உணவை வாயில் எடுத்துத் துப்பும், வெள்ளை நூல் போலக் கழியும், பிறகு இறக்கும். மலாவி உப்புசம் என்றே அந்த நோய்க்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் நீல மீன்கள் மூன்றில் இரண்டு இப்படித்தான் போயின. அன்பு மிகுதியால் நாங்கள்தான் தினமும் புழு போட்டோம்.

பாறைமீன்களுக்குச் சுருள்பாசி கலந்த உணவு கடையில் கிடைக்கும். வீட்டில் பட்டாணியை அவித்துத் தோல் நீக்கிக் கொடுக்கலாம். கீரையை வெந்நீரில் முக்கிக் கொடுக்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போதும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் கெடுதல் இல்லை. பிள்ளைகள் ஆசைப்பட்டு ஆளுக்கொரு பிடி போட்டுவிடுகிறார்கள். எங்கள் பள்ளியில் உணவுப் புட்டியை அலமாரியில் பூட்டி, முறை வைத்து ஒருவரிடம் கொடுக்கிறோம்.

அடுத்தது வாயின் அளவு. ஒரு மீனின் வாயில் எது நுழையுமோ அது உணவு. இதற்கு நட்பு, உறவு எதுவும் கிடையாது. நெற்றி மேடிட்டது ஒன்று வாங்கினோம் என்றோமே, அதன் பெயர் ஃபிரண்டோசா. தங்கனீக்காவில் பிறந்தது. வாங்கும்போது விரல் நீளம். வளர்ந்தால் 30 செ.மீ. தாண்டும். அமைதியான முகம், மெதுவான நடை. ஆனால் அதன் ஏரியில் தூங்குகிற சின்ன மீன்களை விடியற்காலையில் விழுங்குவதே அதன் பிழைப்பு. மலாவியில் லிவிங்ஸ்டன் பெயர் சூட்டப்பட்ட மீன் ஒன்று உண்டு. 1859ஆம் ஆண்டில் அந்த ஏரிக்குப் போன பயணியின் பெயர் அது. அந்த மீன் மணலில் சாய்ந்து, செத்தது போலக் கிடக்கும். உடலில் உள்ள திட்டுகள் அழுகல் போலத் தெரியும். தின்னலாம் என்று குஞ்சு மீன்கள் கிட்டே வந்ததும் கப்பென்று பிடித்துக்கொள்ளும். நாடகத்தில் பரிசு கொடுக்கலாம்! ஆனால் சின்ன மீன்கள் உள்ள தொட்டியில் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. ஆகவே, "இப்போது எவ்வளவு பெரியது?" என்று பார்க்காதீர்கள். "வளர்ந்தால் எவ்வளவு?" என்று கேளுங்கள். திலாப்பியாவையும் இதே காரணத்துக்காகக் குட்டையிலேயே விட்டுவிடலாம்.

மூன்றாவது, குணம். இதுதான் எங்கள் மாணவனின் கேள்விக்கும் விடை.

கோடு போட்ட அந்த மீனுக்கு ஆரட்டஸ் என்று பெயர். மலாவிப் பாறைமீன்களிலேயே முரட்டு வகைகளில் ஒன்று. சிறு வயதில் தங்க மஞ்சளில் கறுப்புக் கோடுகள். அதனால் எல்லாரும் மயங்கி வாங்குகிறார்கள். ஆண் வளர்ந்ததும் மஞ்சள் போய் உடல் கறுத்துவிடும். எங்களிடம் மிஞ்சிய மூன்றில் ஒன்று அதுவே. மூன்றாம் மாதம் அது நிறம் மாறியபோது, "வேறு மீனை யார் விட்டது?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஏரியில் இத்தகைய ஆண் மீன் ஒரு பாறையைத் தன் வீடாக்கிக்கொண்டு காவல் காக்கும். அடுத்தவன் வந்தால் துரத்தும். தோற்றவன் தப்பி ஓடுவான். எத்தனை தூரம் வேண்டுமானாலும் ஓடலாம். கண்ணாடித் தொட்டியில் ஓடினால் 6 அடியில் சுவர். திரும்பினால் துரத்துகிறவன். மறைந்துகொள்ள நாங்கள் இரண்டே இரண்டு கல்தான் வைத்திருந்தோம். அந்த மீன் கெட்ட மீன் அல்ல. தன் ஊரில் செய்வதைத்தான் செய்தது. ஓட இடமில்லாத ஓரிடத்தில் இரண்டையும் அடைத்தவர்கள் நாங்கள். அந்தப் பையனைக் கூப்பிட்டு இதைச் சொன்னோம். அவனுடைய 18 வெள்ளியையும் திருப்பிக் கொடுத்தோம். அவன் வாங்க மறுத்துவிட்டான்.

சரி, சண்டையைக் குறைப்பது எப்படி? பாறைமீன்களின் விஷயத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு முறை உண்டு. மீன் குறைவாக இருந்தால் சண்டை அதிகம். நான்கு மீன் இருந்தால் முரடன் ஒருவனையே பிடித்துத் துரத்துவான். இருபத்தைந்து இருந்தால் யாரைத் துரத்துவது என்று தெரியாமல் கோபம் நாலாபக்கமும் சிதறிப் போகும். எனவே கூட்டம் கொஞ்சம் நெருக்கமாகவே இருக்கலாம். ஆனால் அந்த அளவுக்கு வடிகட்டியும் வலுவாக இருக்க வேண்டும். வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றவும் வேண்டும். எங்கள் தொட்டிக்கு அது பத்துப் பன்னிரண்டு வாளி. 1991ஆம் ஆண்டில் டுரியான் துங்கால் அணை வற்றி, மலாக்காக்காரர்கள் வாளியோடு வரிசை பிடித்து நின்றதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எடுக்கும் நீரைக் கொட்டாமல் பள்ளிக் கீரைப் பாத்திக்கு ஊற்றுகிறோம். கீரை செழிப்பாக வருகிறது. புதிதாக விடும் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதை முறிக்கும் மருந்தைக் கலந்த பிறகே விட வேண்டும்.

ஒவ்வொரு வகையிலும் ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் என்ற கணக்கில் வாங்குங்கள். ஒரே ஒரு பெண் இருந்தால் ஆண் அதைத் துரத்தியே கொன்றுவிடும். குஞ்சாக இருக்கும்போது ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பது கடினம். எனவே ஒரே வகையில் எட்டுப் பத்துக் குஞ்சுகளாக வாங்கி, வளர்ந்த பின் மிகுதியான ஆண்களைக் கடைக்குத் திருப்பிக் கொடுப்பது நல்ல வழி. ஒரே நிறம், ஒரே கோடு உள்ள இரண்டு வகைகளைச் சேர்க்காதீர்கள். தன்னைப் போன்றவனைத்தான் மீன் எதிரியாக நினைக்கும். அதோடு, நெருங்கிய வகைகள் கலந்து குஞ்சு பொரித்தால் அது எந்த மீன் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

கற்களை நீர்மட்டத்துக்குக் கிட்டத்தட்ட உயர்த்தி, பொந்தும் சந்துமாக அடுக்க வேண்டும். எல்லா மீன்களையும் ஒரே நாளில் விட முடியுமானால் மிகவும் நல்லது. முதலில் வந்தவன் தொட்டி முழுவதும் தன்னுடையது என்று எண்ணிக்கொள்வான். பின்னால் புதிய மீன் சேர்க்க நேர்ந்தால் கற்களை எல்லாம் கலைத்து வேறு விதமாக அடுக்கிவிட்டு, விளக்கை அணைத்து விடுங்கள். பழைய மீனுக்கும் அது புது வீடாகிவிடும். எல்லைச் சண்டை முதலிலிருந்து தொடங்கும். புதியவனுக்கும் ஒரு பொந்து கிடைக்கும். முரட்டு வகை வேண்டும் என்கிறவர்கள் அதைக் கடைசியில், சிறியதாக வாங்கி விட வேண்டும்.

இரண்டாம் முறை நாங்கள் என்ன வாங்கினோம் என்று கேட்பீர்கள். மூன்றே வகை. முதலாவது, கடைகளில் 'எல்லோ லேப்' எனப்படும் மஞ்சள் மீன், பத்து. பாறைமீன்களில் சாதுவானது. பையன் வாங்கி வந்ததும் இதுவே. இரண்டாவது, இரும்புத் துரு நிறத்தில், கொஞ்சம் ஊதாவும் கலந்த 'ரஸ்டி' என்னும் மீன், எட்டு. கற்களின் இடையிலேயே திரியும். மூன்றாவது, நீல உடலும் மஞ்சள் வாலும் உடைய 'ஆச்சேய்', எட்டு. மற்ற பாறைமீன்கள் அடியில் கிடக்க, இது மேல் நீரில் கூட்டமாக நீந்தும். மூன்றும் 10 முதல் 15 செ.மீ. வரை வளரும். நிறம் வேறு, இடம் வேறு, உணவு ஒன்று. கடையில் பார்த்தபோது இந்த மூன்றும் மற்றவற்றைப் போல மினுக்கவில்லை. சக ஆசிரியை ஒருவர், "இந்தச் சாதாரண மீனுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார். நல்ல நீரில் ஆறு மாதம் ஆனதும் அவரே பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டினார்.

வேட்டைக் கூட்டம்தான் வேண்டும் என்றால் பாறைமீன் ஒன்றும் கலக்காமல், மயில் மீன் எனப்படும் அவுலோனோகாராவையும், அதன் அளவும் குணமும் ஒத்தவற்றையும் வைத்துக்கொள்ளலாம். அவற்றுக்கு மணல் திடல் அதிகமாகவும் கல் குறைவாகவும் இருக்கட்டும். ஃபிரண்டோசா பிடித்திருந்தால் அது மட்டும் ஆறு ஏழு. இப்படி ஒரு தொட்டிக்கு ஒரு கூட்டம் என்று வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

அடியில் திரிய ஒரு துணை வேண்டும் என்பவர்களுக்குத் தங்கனீக்காவின் புள்ளிக் கெளிற்று மீன் ஒன்று உண்டு. சினோடோண்டிஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். உடல் முழுவதும் கறுப்புப் புள்ளி; முரட்டு மீன்களையும் தாக்குப் பிடிக்கும். அதன் தந்திரத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிக்லிட் தாய் முட்டையிட்டு வாயில் அள்ளும் நேரம் பார்த்து, இது இடையில் புகுந்து தன் முட்டையையும் போட்டுவிடும். அவசரத்தில் தாய் இரண்டையும் சேர்த்து அள்ளிக்கொள்ளும். கெளிற்றுக் குஞ்சு முன்னதாகப் பொரிந்து, அந்தத் தாயின் வாய்க்குள்ளேயே அதன் குஞ்சுகளைத் தின்று வளரும். குயில் காக்கைக் கூட்டில் செய்வதை இது தண்ணீருக்குள் செய்கிறது. குஞ்சு எடுக்க விரும்புகிறவர்கள் இதை வாங்க வேண்டாம்.

மீன் வாங்கும் முன் தொட்டியைப் பழக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. அது விஷம், கார நீரில் அதன் கொடுமை இன்னும் அதிகம். அதை முறிக்கும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற நாளாகும். பழைய தொட்டி வைத்திருப்பவரிடம் வடிகட்டிப் பஞ்சு கொஞ்சம் கேட்டு வாங்கிப் போட்டால் சீக்கிரம் ஆகும். சோதனை மருந்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று காட்டிய பிறகே கடைக்குப் போங்கள். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவினால் அந்த நுண்ணுயிர்கள் மடிந்துபோகும். தொட்டியில் எடுத்த நீரிலேயே அலசுங்கள்.

குஞ்சுகள் பெருகும். வேண்டாத மீனும் மிஞ்சும். அவற்றைத் தோட்டத்து வாய்க்காலிலோ கேசாங் ஆற்றிலோ விட்டுவிடலாம் என்று தோன்றும். பாவம், பிழைத்துப் போகட்டும் என்ற நல்ல எண்ணம்தான். விக்டோரியா ஏரியில் நடந்ததைக் கேளுங்கள். 1950ஆம் ஆண்டுகளில், வெள்ளைக்காரர் ஆட்சியில், அந்த ஏரியில் நைல் பெர்ச் என்னும் பெரிய மீனை விட்டார்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளரும் மீன் அது. உணவுக்கும் வியாபாரத்துக்கும் ஆகும் என்பது எண்ணம். 1980ஆம் ஆண்டுகளில் அது பெருகிவிட்டது. அந்த ஏரிக்கே உரிய சிக்லிட் வகைகளில் ஏறக்குறைய 200 வகைகள் காணாமல் போயின. நீர் கெட்டதும் ஒரு காரணம். பெரிய காரணம் இந்த ஒரு மீன். 68,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ள ஏரிக்கே இந்தக் கதி. நம் வாய்க்கால் எத்தனை அடி அகலம்? மிஞ்சிய மீனை வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு. காசு தராவிட்டாலும் உணவுப் புட்டி ஒன்று தருவார்கள். எங்கள் ஆரட்டஸ் அப்படித்தான் இரண்டு புட்டிக்குப் போனது.

சென்ற பள்ளி விடுமுறையில் அந்தப் பையன் வந்திருந்தான். இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். மஞ்சள் மீன் ஒன்றின் தாடை உப்பியிருப்பதை அவன்தான் முதலில் பார்த்தான். முட்டை வைத்திருக்கும் தாய் ஏறக்குறைய மூன்று வாரம் எதுவும் தின்னாமல் வாயை மூடியபடியே இருக்கும். நாள் எண்ணி, மெதுவாகப் பிடித்துத் தனி வாளியில் விட்டோம். வாயைத் திறந்ததும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பதினேழு. ஆறு குஞ்சுகள் தனக்கு வேண்டும் என்றான். வீட்டில் இரண்டடித் தொட்டி இருக்கிறதாம். "ஆறு மாதம்வரை அதில் இருக்கலாம். பிறகு இடம் போதாது; இங்கேயே கொண்டுவந்து விட்டுவிடு" என்றோம். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, உள்ளங்கையில் தேதியைக் குறித்துக்கொண்டான்.